கார்ட்டர் வரைந்த உடல்

மருத்துவம் படித்த யாரைக் கேட்டாலும் ‘கிரேஸ் அனாட்டமி’ தெரியும். 1858-ல் லண்டனில் வெளியான அந்த நூலை எழுதியவர் ஹென்றி கிரே. அதற்கு உயிர் கொடுத்த 363 படங்களை வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

இருவரும் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய இளைஞர்கள். கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களை அறுத்துப் படிக்க 1832-ம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. கிரேயும் கார்ட்டரும் சேர்ந்தே உடல்களைக் கூறிட்டார்கள். கார்ட்டர், கண்டதை வழுவழுப்பான மரக்கட்டைகளின் மேல் வரைந்தார். அச்சில் இடவலம் மாறும் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வரைய வேண்டும், எழுத்துகள் உட்பட! வெள்ளையாக வரவேண்டிய இடங்களைச் செதுக்குநர்கள் குடைந்து எடுப்பார்கள். மேடாக நிற்கும் கோடுகளில் மை ஏறும். அந்தக் கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்தே அச்சடிக்கலாம். அதனால் விளக்கமும் படமும் ஒரே பக்கத்தில் அமைந்தன.

1543-ல் வெளியான வெசாலியசின் புகழ்பெற்ற உடற்கூறு நூலில், தோலுரிக்கப்பட்ட மனிதர்கள் மலையும் ஊரும் பின்னணியாக நிமிர்ந்து நிற்பார்கள். பார்க்கப் பிரமிப்புதான். ஆனால், உறுப்புகளின் மேல் சின்னஞ்சிறு குறியெழுத்துகளே இருக்கும். பெயரை வேறிடத்தில் தேட வேண்டும். கார்ட்டர் பின்னணியைத் துடைத்தெறிந்தார். கழுத்துப் படத்தைப் பாருங்கள்: தமனியின் மேலேயே அதன் பெயர், அது ஓடும் வாக்கில் எழுதப்பட்டிருக்கும். தசையின் பெயர் தசை மீதே கிடக்கும். உறுப்பும் பெயரும் ஒரே பார்வையில் மனதில் ஏறிவிடும். ஓவியத் திறமையைவிட, மாணவனின் சிரமத்தை உணர்ந்த இந்தக் கரிசனமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்குக் கிடைத்த மரியாதை? விற்கும் ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் கிரேக்கு 150 பவுண்டு. கார்ட்டருக்கு ஒரே ஒரு முறை 150 பவுண்டு. முகப்புப் பக்கத்தின் அச்சுப்படியில் கார்ட்டர் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் சொல்லி, அவருடைய புதிய பதவியையும் கிரே அடித்துவிட்டார். இது அநியாயம்தான்.

அந்தப் புதிய பதவி பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வேலை. புத்தகம் வெளிவருவதற்குள் கார்ட்டர் இந்தியா வந்து சேர்ந்துவிட்டார். இங்கே அவர் கவனத்தை ஈர்த்தது, வெறுங்காலோடு வயலில் உழைப்பவர்களின் பாதத்தை வீங்கவைத்து, துளைதுளையாகப் புண்ணாக்கி, அவற்றின் வழியே கடுகுபோன்ற மணிகளைக் கசியவிடும் ஒரு நோய். மதுரையில் அதிகம் காணப்பட்டதால் மருத்துவ உலகம் அதை ‘மதுரா ஃபுட்’ என்றது. அதற்குப் பூஞ்சை காரணமாகலாம் என்று எடுத்துக்காட்டியவர் கார்ட்டர். 1874-ல் அதற்கெனத் தனி நூலே எழுதினார். அந்நோய்க்கு அவர் சூட்டிய ‘மைசீட்டோமா’ என்ற பெயரைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.