தவிலொலியும் இசைத்தட்டும்

உடுவிலை அடுத்த இணுவில், நாதசுவரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933–1975) அம்மரபில் வந்தவர். அத்தகையோர் வாசிப்பைச் சேர்த்து வைக்க விரும்புவோர் எவ்வடிவை நாடுவது?

பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் 3, 4 நிமிடத்தில் முடிந்துவிடும். 1948இல் வந்த வினைல் நெடுந்தட்டிலும் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடமே. திருவிழா இரவிற் கோயில் வீதியில் விடியும்வரை விரியும் கச்சேரி அதற்குள் எங்ஙனம் அடங்கும்? தட்டுக்கென வாசித்தோர் சுருக்கியே வாசித்தனர். வீதியின் ஆரவாரத்தோடு முழுக்கச்சேரியையும் ஏந்தியது ஒலிநாடாவே. 1963இல் அறிமுகமான கசெற்றில், 90 நிமிட நாடாவாயின், பக்கத்துக்கு 45 நிமிடம். புரட்டும் வேளையில் ஓர் அரிய தீர்மானம் தவறிப்போவதும் உண்டு!

ஒலித்தெளிவில் வினைல் தட்டே மேல். நாடாவிலோ ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும்; இரும்புத்துகட் பூச்சு உரியும். 1995இல் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது, தூக்கிய மூட்டைகளில் நாடாக்களுக்கு இடமேது? எஞ்சியவற்றைச் சுருக்காத எண்மக் கோப்புகளாக விரைந்து படியெடுத்தல் வேண்டும். படியெடுத்தபின்னும் மூல நாடாவை எறிதல் ஆகாது. இன்னும் நுண்ணிய கருவி நாளை வரக்கூடும்.