20 கிராம் உறைக்குள் எத்தனை உயிர்?

நம்மூர்த் தபால் நிலையத்தில் சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படி 20 கிராம். அந்த 20 கிராமும் ஃபென்டனில் என்ற செயற்கை ஓப்பியாய்டு போதைமருந்தின் தூளாக இருந்தால்? ஓர் ஆளைக் கொல்ல 2 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை. சீனாவிலிருந்து அந்நாட்டுக்குத் தபாலில் வந்து பிடிபட்ட தூளின் சுத்தம் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல். ஆக, ஓர் உறைக்குள் 9,000 பேரின் சாவு. மெக்சிகோ எல்லையில் சிக்கிய சரக்கிலோ சுத்தம் 10 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் 'இத்தனை கிலோ பறிமுதல்' என்ற செய்தியை எடையை மட்டும் பார்த்துப் படிக்கக் கூடாது. தபாலில் வந்த 1 கிலோ, எல்லையில் பிடிபட்ட 9 கிலோவுக்கு மேல் பெறும்.

2017-இல் அமெரிக்காவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த தபால் பொதிகள் 49.8 கோடி. நாளொன்றுக்குச் சுமார் 13.6 லட்சம். பொதிக்கு ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கினாலும், 8 மணி நேர வேலைக்கு அன்றாடம் 2,800 பேர் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தெரிவது என்ன? அனுப்பியவர் எழுதிய சுங்கச் சீட்டு. அதில் 'பரிசுப்பொருள்' என்ற ஒரு சொல். டப்பாவைத் திறந்தாலும், ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சின்னஞ்சிறு சிலிக்கா பொட்டலத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அதற்குள்ளேயே தூளை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணை நம்பி இதைப் பிடிக்க முடியாது. யார், யாருக்கு, என்ன அனுப்புகிறார் என்ற விவரம் பொதிக்கு முன்பே கணினியில் வந்து சேர வேண்டும். தனியார் கூரியர் நிறுவனங்களுக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டமே இதைக் கட்டாயமாக்கியது. அரசுத் தபாலுக்கு மட்டும் அப்போது கட்டாயம் இல்லை. விளைவு, 2017-இல் தபாலில் வந்தவற்றில் 36 சதவீதத்துக்குத்தான் முன்விவரம் இருந்தது. சுமார் 31.8 கோடி பொதிகள் ஊர் பேர் தெரியாமல் உள்ளே போயின.

விற்றவர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகவே தெரிந்திருந்தது. 2018 ஜனவரியில் வெளியான செனட் துணைக்குழு அறிக்கை, இணையத்தில் விற்ற 6 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களுக்கு அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டோர், 500-க்கும் அதிகமான தவணைகளில், 2,30,000 டாலர் அனுப்பியிருந்தார்கள். தவணைக்கு 460 டாலர்கூட வராது. அந்தச் சரக்கின் தெருவிலை 76.6 கோடி டாலர் என்று குழு மதிப்பிட்டது. போட்ட பணத்தைப்போல 3,300 மடங்கு. வாங்கியவர்களில் 7 பேர் செயற்கை ஓப்பியாய்டு மிகையால் செத்திருந்தார்கள்.

சட்டம் வந்தது 2018 அக்டோபரில்: அவ்வாண்டு முடிவுக்குள் 70 சதவீதப் பொதிகளுக்கும், சீனப் பொதிகள் அனைத்துக்கும் முன்விவரம்; 2020 முடிவுக்குள் எல்லாவற்றுக்கும். ஒரே விதியைத் தபாலுக்கும் நீட்ட 16 ஆண்டுகள்! இதற்கு நடுவில், செயற்கை ஓப்பியாய்டுகளால் ஆண்டுதோறும் செத்தவர்கள் 2013-இல் 3,105 பேர், 2017-இல் 28,466. இந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2019 மே 1 முதல் சீனாவும் ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர, நேரடித் தபால் வரத்து சரிந்தது. ஆனால் மூலப்பொருள்கள் மெக்சிகோவுக்குப் போய், அங்கே தூளாகி, தரைவழியே வந்தன. 2022-இல் சாவு 73,838.

இதற்கிடையே 2016-இல் அமெரிக்காவில் வரியில்லாச் சிறுபொதியின் மதிப்பு வரம்பு 200 டாலரிலிருந்து 800 ஆனது. 2015 நிதியாண்டில் சுமார் 14 கோடியாக இருந்த அத்தகைய பொதிகள் 2024-இல் 136 கோடி. தாமதமாக விழித்தவர்கள் கதவை ஒரேயடியாக அறைந்து சாத்தினார்கள்: சீனச் சரக்குக்கு 2025 மே 2-இல், எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29-இல் அந்தச் சலுகை ரத்து. காரணங்களில் ஒன்றாகச் சொன்னது ஃபென்டனில். வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற தெளிவில்லாமல் இந்தியத் தபால் துறை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான அமெரிக்கப் பார்சல்களையும், மாத இறுதியில் பரிசுப் பார்சல்களையும் ஏற்பதை நிறுத்தியது. அதன்பின் அக்டோபர் 15 வரை, அங்கிருக்கும் மகளுக்குப் பருப்புப்பொடி அனுப்ப அஞ்சலகப் படியேறிய தாயும் டப்பாவோடு திரும்பத்தான் வேண்டியிருந்தது.