அணைக்கும் இயந்திரத்தை இயக்குவது யார்?

கண்ணுகளா, வீடியோ காலில் பாட்டியோடு பேசும்போது, "பாட்டி என் கன்னத்தைத் தொட முடியவில்லையே" என்று நினைத்திருக்கிறீர்களா? நினைத்திருந்தால், சபாஷ்! பெரிய பெரிய கலைஞர்கள் கேட்கும் கேள்வியைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

"நாளைக்கு உலகம் இப்படி ஆகிவிட்டால்?" என்று கற்பனை செய்து, அந்த நாளைக்கு வேண்டிய பொருளை இன்றே செய்து பார்ப்பவர்கள் உண்டு. கடையில் விற்பதற்காக அல்ல, நம்மை யோசிக்க வைப்பதற்காக. இதற்கு ஊக வடிவமைப்பு என்று பெயர்.

அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பார்ப்பதற்கு முன், தொடுவது நமக்கு எப்படித் தெரிகிறது?

உங்கள் விரல் நுனியை மெல்ல அழுத்துங்கள். தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகளின் மெல்லிய சவ்வு இழுபடுகிறது. ஊதாத பலூனில் ஊசித்துளை போட்டு இழுத்தால் துளை விரியுமே, அதுபோல அந்தச் சவ்வில் உள்ள நுண்ணிய வழிகள் திறக்கும். மின்னேற்றம் கொண்ட துகள்கள் உள்ளே பாயும். உடனே மூளைக்குச் சேதி போகும். இந்த வழிகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. டேவிட் ஜூலியஸ் என்பவரோடு அதைப் பகிர்ந்துகொண்டார். புரிந்ததா? புரியாவிட்டால் விரலை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.

இன்னொரு சோதனை. ஓவியத் தூரிகையால் முன்கையில் மெதுவாக வருடுங்கள். பிறகு வேகமாக இழுங்கள். எது இதமாக இருக்கிறது? மெதுவானதுதானே! நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடினால் மட்டும் நன்றாக விழித்துக்கொள்ளும் தனி நரம்புகள் நமக்கு இருக்கின்றன. அம்மா தலையைக் கோதும் வேகமும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது ஒரு உண்மைக் கதை. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு பெண். அவருக்கு ஆட்டிசம். அணைப்பு வேண்டும் என்று மனம் ஏங்கும். ஆனால் யாராவது கட்டிப்பிடித்தால் உடம்பு தாங்காது. அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தார். தடுப்பூசி போடுவதற்காக மாட்டை ஒரு கூண்டில் நிறுத்தி, இரு பக்கமும் பலகையால் நெருக்குவார்கள். மிரண்டு நின்ற சில மாடுகள் அந்த அழுத்தத்தில் அமைதியாகிவிட்டன! 18 வயதில் தனக்கும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டார். மெத்தை வைத்த இரண்டு பலகைகள். எவ்வளவு நெருக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அந்த அம்மா பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார்.

அவருடைய இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறுத்தும் உரிமை அணைக்கப்படுபவருக்கே இருந்ததுதான். வேண்டாத தொடுதலை "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு.

லூசி மெக்ரே என்ற கலைஞர் 2019-இல் அணைக்கும் இயந்திரத்தை வேறு மாதிரி செய்தார். நாளெல்லாம் திரையோடு வாழ்ந்து, தொடுவாரே இல்லாமல் போனால் மனிதர் என்ன ஆவார் என்பது அவர் கேள்வி. ஆளையே அணைத்துக்கொள்ளும் பெரிய மெத்தை இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். ஆனால் உள்ளே படுப்பவர் அதை இயக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் இன்னொருவர்தான் எவ்வளவு இறுக்கம் என்று தீர்மானிப்பார்.

ஏன் அப்படிச் செய்தார்? கொஞ்சம் யோசியுங்கள். இயந்திரம் தானே அணைத்தால் அங்கே அழுத்தம் மட்டும்தான் இருக்கும். இன்னொருவர் இயக்கும்போது, அவர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் அவரை நம்ப வேண்டும். இந்தப் பார்வையும் நம்பிக்கையும் இயந்திரம் தனியாகத் தர முடியாதவை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இனி உங்கள் முறை. ஒரு தாள் எடுங்கள். தூரத்தில் இருக்கும் ஒருவரைத் தொட ஒரு கருவி வரையுங்கள். அதை இயக்குவது யார், நிறுத்துவது யார் என்று பக்கத்தில் மறக்காமல் எழுதுங்கள்.