புறப்பட மறுக்கும் மின்சார மோட்டார் கார்

1912-ஆம் ஆண்டில் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின்சாரத் துவக்கி காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதுவரை பெட்ரோல் காரின் முன்னே நின்று, இரும்புப் பிடியைக் கையால் சுழற்றி இயந்திரத்தை எழுப்ப வேண்டியிருந்தது. பிடி எதிர்த்துச் சுழன்று கை முறிந்தவர்களும் உண்டு. இத்தொல்லை இல்லாமையே அந்நாளைய மின்சாரக் கார்களின் பெருஞ் சிறப்பு. துவக்கி வந்ததும் அச்சிறப்பு மறைந்தது; சில ஆண்டுகளில் மின்சாரக் கார்களும் அருகின. பெட்ரோல் காருக்கு வாழ்வளித்த காரீயச் சேமக்கலத்தை ஒத்த சிறு சேமக்கலமே இன்று மின்சாரக் காரை வழியில் நிறுத்தி வைப்பது விந்தையே.

அலுவலகக் கார் இரு வாரம் நிழலில் நின்றிருக்கிறது. கள அலுவலர் வந்து விசையை அழுத்துகிறார், யாதொரு அசைவுமில்லை. நிறுத்தியபோது மின்னிருப்பு நூற்றுக்கு எண்பது இருந்ததென்பது அவர் நினைவில் உள்ளது. பெரிய மின்கல அடுக்கு பழுதுற்றதென்று அவர் அஞ்சுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் குற்றம் அங்கில்லை.

மின்சாரக் காரில் இரு மின் அமைப்புகள் உள்ளன. சக்கரத்தை ஓட்டுவது லித்தியம் அயனிக் கலங்களாலான பெரிய அடுக்கு. பல கார்களில் இதன் அழுத்தம் 300 முதல் 400 வோல்ட்டு வரை இருக்கும். விளக்கு, பூட்டு, கட்டுப்பாட்டுக் கருவிகள் முதலியவற்றுக்கு 12 வோல்ட்டுச் சேமக்கலம் தனியே உண்டு. கார் நிற்கும்போது, ஆபத்து நேராதிருத்தற் பொருட்டு, பெரிய அடுக்கு மற்றப் பகுதிகளினின்றும் காண்டாக்டர்கள் எனப்படும் மின்காந்த இணைப்பிகளால் துண்டிக்கப்பட்டிருக்கும். அவற்றை மூடும் காந்தச் சுருளுக்கு மின்சாரம் தருவது சிறிய சேமக்கலமே. அது வற்றினால், ஏரி நிறைய நீரிருந்தும் மதகைத் திறக்க ஆளில்லாத கதைதான். பல கார்களில் மின்னேற்றும் கம்பியைச் செருகினாலும் பயனில்லை. மின்னேற்றம் தொடங்குதற்கும் அச்சிறு சேமக்கலத்தின் துணை வேண்டும்.

பெட்ரோல் காரில் சேமக்கலம் நலியும்போது துவக்கி முனகிச் சுழன்று முன்னறிவிப்புத் தரும். மின்சாரக் காரில் அத்தகைய பெருஞ்சுமை இல்லை. ஆகவே நலிந்த சேமக்கலம் கடைசி நாள்வரை ஒழுங்காக வேலை செய்வதாகவே தோன்றும். நிற்கும் காரிலும் பூட்டும் எச்சரிக்கைக் கருவியும் சிறிதளவு மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். காரீயத் தகடுகள் மின்னிறக்கம் அடைந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் அவற்றின்மேல் சல்பேட்டு இறுகிப் பழைய கொள்ளளவு மீளாது.

ஆராயும் முறை எளிது. மின்சாரக் கார் ஓசையின்றி எழுவதாகலின், தயார் நிலையைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். எரியுமாயின் கார் எழுந்துவிட்டது. பிரேக்கு மிதியை அழுத்தாமலோ, மின்னேற்றும் கம்பியைக் கழற்றாமலோ முயன்று மனம் நொந்தவர் பலர். சாவியிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருப்பதும் உண்டு. அப்போது கையேடு காட்டும் இடத்தில் சாவியை ஒட்டிப் பிடித்தால் கார் அதனை அறியும். இவையெல்லாம் சரியாயிருந்தும் முகப்பு விளக்குகள் மங்கினாலோ எரியாவிட்டாலோ, வோல்ட்டுமானியைச் சிறிய சேமக்கலத்தின் முனைகளில் வைத்துப் பார்க்கலாம். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டு அளவில் இருப்பின் காரீயச் சேமக்கலம் நிறைந்துள்ளது. 12-க்குக் கீழாயின் ஏறத்தாழ வற்றியது. முனைகளில் வெண்மையாகப் பூத்திருக்கும் களிம்பையும் தளர்ந்த பிடிப்பையும் கவனிக்க வேண்டும். புதிய சேமக்கலம் வாங்கும் செலவு சில சமயம் இதனாலேயே தவிரும்.

வற்றியிருந்தால், கையேடு அனுமதிக்கும் முறையில், வேறொரு 12 வோல்ட்டுச் சேமக்கலத்தை நேர்முனையோடு நேர்முனையாகவும், எதிர்முனையைக் காரின் உலோகச் சட்டத்தோடும் இணைத்துக் காரை எழுப்பலாம். தயார் விளக்கு எரிந்தபின் பெரிய அடுக்கே மின்மாற்றுக் கருவி வழியாகச் சிறியதற்கு ஏறத்தாழ 14 வோல்ட்டில் மின்னேற்றும். ஆகவே காரை உடனே அணைத்துவிடலாகாது.

சேமக்கலம் நன்றாயிருந்தும் கார் மறுப்பின் கள அலுவலர் அங்கேயே நின்றுவிடுதல் நலம். காண்டாக்டர் மூடுமுன் தடை ஒன்றின் வழியே மின்தேக்கிகளுக்கு மெல்ல மின்னேற்றப்படும். அழுத்தம் எதிர்பார்த்தவாறு ஏறாவிடில் கார் தானே விலகிக்கொள்ளும். காப்பு கெட்டு மின்சாரம் சட்டத்துக்குக் கசியினும் அவ்வாறே. இம்மறுப்பு பழுதன்று, பாதுகாப்பு. செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் அழுத்தத்துக்குரியவை. ஊர்ப் பட்டறையில் அவற்றை அவிழ்க்க விடுதல் ஓர் உயிரைப் பணயம் வைப்பதாகும். காரை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரை எழுப்பவே முயலலாகாது. 2022 செப்டம்பரில் இயான் புயல் வீசிய பின்னர், புளோரிடாவில் உப்பு நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில தீப்பற்றின.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டுதற்குக் கார் தேவையில்லை. 6 வோல்ட்டு ரிலே ஒன்று, அதன் சுருளுக்கு நான்கு உலர்மின்கலங்கள், இணைப்புகளின் வழியே வேறு மின்கலங்களால் எரியும் சிறு விளக்கு ஆகியவை போதும். சுருளுக்குரிய கலங்களில் ஒவ்வொன்றாக விலக்கி வருக. விளக்கின் கலங்கள் புதியனவாயிருந்தும் ஒரு கட்டத்தில் விளக்கு அவிந்துவிடும். எக்கலம் தீர்ந்ததென்று மாணவரையே கேட்கலாம்.