ஓவர்கிளாக்கிங் செய்த பின் கம்ப்யூட்டர் அடம் பிடிக்கிறதா?

ப்ராசஸரை அதன் தயாரிப்பு நிறுவனம் நிர்ணயித்த வேகத்திற்கு மேல் இயக்குவதை ஓவர்கிளாக்கிங் என்கிறோம். செலவில்லாமல் வேகம் கிடைக்கிறதே என்று 2008ல் நானும் இதில் இறங்கினேன். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அதிகம் பயன்படுத்தியவர் அண்ணி. தன் மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பு, கடன் கணக்குகளை எக்ஸெல் பைலில் வைத்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பயாஸ் செட்டிங்ஸில் கை வைத்தேன்.

உள்ளே இருந்தது இன்டெல் பென்டியம் டூயல் கோர் இ2140. இதன் வேகம் 1.6 கிகா ஹெர்ட்ஸ். எப்.எஸ்.பி. கிளாக் 200ஐ மல்டிப்ளையர் 8ஆல் பெருக்கினால் இந்த 1600 மெகா ஹெர்ட்ஸ் வரும். மல்டிப்ளையரை உயர்த்த முடியாது, பூட்டியிருப்பார்கள். எனவே 200ஐ 266 ஆக்கினேன். கணக்குப்படி 2.13 கிகா ஹெர்ட்ஸ். எப்10 அழுத்தி சேவ் செய்தேன். மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. பீப் ஒலி கூட இல்லை.

ப்ராசஸர் போய்விட்டது என்றே நினைத்தேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பயப்பட வேண்டாம். பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மதர்போர்டில் உள்ள வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து மீண்டும் மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தேதி, நேரத்தை மட்டும் மறுபடி தர வேண்டியிருக்கும். மதர்போர்ட் புத்தகத்தில் "கிளியர் சிமாஸ்" ஜம்பர் எங்கே என்று படம் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

தவறு எங்கே என்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ப்ராசஸரில் ஒரு குறையும் இல்லை, மெமரிதான் காரணம். எங்களுடையது டி.டி.ஆர்.2 667. எப்.எஸ்.பி. 200 இருந்தபோது மெமரி 333ல் ஓடியது, அதாவது 3:5 விகிதம். நான் 266 ஆக்கியதும் அதே விகிதத்தில் மெமரி 443க்கு ஏறிவிட்டது. பாவம், அது எப்படித் தாங்கும்? விகிதத்தை 4:5 என மாற்றியதும் மெமரி பழையபடி 333க்கு வந்தது, கம்ப்யூட்டரும் பூட் ஆனது.

மே மாத மதியம் ஒன்றில் அடுத்த பிரச்சினை. அண்ணி பைலை சேவ் செய்துகொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மீண்டும் இயக்கினால் எக்ஸெல் பைல் திறக்கவில்லை. மறுநாள் குழுக் கூட்டம். கடன் தவணைக் கணக்கு முழுவதும் அதில்தான்.

"தம்பி, நீங்க ஏதாவது நோண்டினீங்களா?" என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தை வைத்து இரவெல்லாம் நான் வாசிக்க, அவர் டைப் செய்தார்.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பயாஸில் எல்லாவற்றையும் டிபால்ட் நிலைக்குக் கொண்டு வந்தேன். அப்போதும் அணைந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். அணைந்தது! பயாஸின் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் ப்ராசஸர் வெப்பம் 82 டிகிரி. கேபினட்டைத் திறந்தால் ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று மதர்போர்டில் இறங்காமல் தூக்கிக்கொண்டு நின்றது. இந்த வகை ஹீட்சிங்க்கில் அடிக்கடி நடப்பதுதான். அதன் இடுக்குகளில் நெல் அறுவடைத் தூசி வேறு பஞ்சாக அடைத்திருந்தது. சுத்தம் செய்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்து, நான்கு கால்களும் "டக்" என்று விழும்வரை அழுத்தினேன். வெப்பம் 48க்கு இறங்கியது. கூடுதல் வேகம் இந்தக் குறையை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

மாலையில் பம்புசெட்டுகள் ஓடும்போது வோல்டேஜ் விழும் ஊர்களில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு சந்தேக நபர். வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை.

இன்றைய கம்ப்யூட்டர்களில் விதிகள் வேறு. இன்டெல்லில் பொதுவாக "கே" எழுத்துள்ள ப்ராசஸரும் "இசட்" வரிசை மதர்போர்டும் வேண்டும். 2017ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் வரிசையில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆனால் ஏ320 போன்ற மலிவு மதர்போர்டுகள் இதை அனுமதிக்காது. மெமரிக்கு எக்ஸ்.எம்.பி. ஆன் செய்வதும் ஒருவகை ஓவர்கிளாக்கிங்தான். அதன்பின் நீலத்திரை வந்தால் முதலில் அதை ஆப் செய்து, மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்திற்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது.

எங்கள் இ2140 மறுபடி 2.13க்குப் போகவில்லை. அண்ணி ஒரு பென் டிரைவ் வாங்கி வரச் சொன்னார். கணக்கு முடிந்ததும் அதில் ஒரு காப்பி எடுத்து, நோட்டுப் புத்தகத்துடன் பீரோவில் வைத்துப் பூட்டுவார். சாவி என்னிடம் தரப்படவில்லை.