மூக்கு திறந்தது, மூச்சு வரவில்லை!

மூக்கின் ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் மூன்று சதை மடிப்புகள் உண்டு. அவை வேண்டாத சதை அல்ல! உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து வைப்பவை அவைதான்.

சைனஸ் ஆபரேஷனோடு சிலருக்கு இந்தச் சதையையும் வெட்டுவது உண்டு. அதிகம் வெட்டினால் ஆபத்து!

மூக்கு உள்ளே அகன்றுவிடும். வறண்டு பொருக்குக் கட்டும். காற்று தாராளமாகப் போகும். ஆனாலும், "மூச்சுவிட முடியவில்லையே!" என்று சிலர் தவிப்பார்கள்.

இது என்ன விந்தை?

காற்று பட்டதும் சதை குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. அதனால்தான் மூச்சு வருவது நமக்குத் தெரிகிறது. சதை போய்விட்டால் சேதி சொல்ல ஆள் ஏது?

அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்டும் 1994-ல் இதற்கு "காலி மூக்கு" என்று பெயர் வைத்தார்கள்.

பயம் வேண்டாம். இது சிலருக்கே வருகிறது. சைனஸ் ஆபரேஷனால் சுகமடைந்தவர்கள் ஏராளம். சதையை அடியோடு வெட்டாமல், சுருக்கிவிடும் முறைகளும் இப்போது உண்டு.

அடியோடு வெட்டிய மடிப்பு மறுபடி முளைக்காது. ஆகவே, "எதை எடுப்பீர்கள்? எதை விடுவீர்கள்?" என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்!