யானைக்கால் புதிரும் ஒரு கிண்டிக் குறிப்பும்

யானைக்கால் நோயால் கால் வீங்கியவரின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் அதில் புழு தென்படாது. வீக்கமே இல்லாமல் நன்றாக நடமாடுகிறவரின் ரத்தத்திலோ நுண்புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். அதுவும் இரவு பத்து மணிக்கு மேல், கியூலெக்ஸ் கொசு கடிக்க வரும் நேரம் பார்த்து. நோயாளியிடம் கிருமி இல்லை, நோயில்லாதவரிடம் கிருமி இருக்கிறது என்றால் எந்த மருத்துவருக்குத்தான் குழப்பம் வராது?

இந்தக் குழப்பத்துக்குள் நோய் எதிர்ப்பியல் வழியாக நுழைந்தவர் சிந்தாமன் கோவிந்த் பண்டிட். இடம், கிண்டி கிங் நிலையம். கொரோனா காலத்தில் தினமும் செய்தியில் அடிபட்ட அதே கிங் இன்ஸ்டிடியூட்தான். அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காக 1899இல் தொடங்கிய இந்த நிலையம், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கியது.

பண்டிட் இன்னும் இருவருடன் சேர்ந்து 1929இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே 'முதற்கட்டக் குறிப்பு' என்று அடக்கமாகச் சொல்லியிருந்தார்கள். உயிருள்ள நுண்புழுக்களோடு வெள்ளையணுக்களைச் சேர்த்து, யானைக்கால் கண்டவரின் ரத்தச் சீரத்தையும் கலந்தால், வெள்ளையணுக்கள் புழுவின் உறைமேல் போய் ஒட்டிக்கொள்கின்றன என்பதே கட்டுரையின் சாரம். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஒட்டுதல் நிகழ்வு'.

இதன் பொருள் என்ன? கால் வீங்கியவரின் உடல் புழுவை அடையாளம் கண்டுவிட்டது. அவருடைய சீரத்தில் உள்ள ஆன்டிபாடிகள் புழுவின் மேல் படிந்து, வெள்ளையணுக்களைக் கூவி அழைக்கின்றன. அதனால்தான் ரத்தத்தில் புழு மிஞ்சுவதில்லை. புழுவைச் சுமந்துகொண்டு தெம்பாக இருப்பவரின் உடலோ அதைப் பெரிதாக எதிர்க்காமல் விட்டிருக்கிறது. காலின் வீக்கத்தில் புழுவுக்கு மட்டுமல்ல, அதை எதிர்க்கும் உடலுக்கும் பங்கு உண்டு என்று பிற்காலத்தில் விரிந்த சிந்தனைக்கு இங்கே ஒரு விதை கிடக்கிறது.

பிறகு வந்த மருந்தும் இந்தப் பக்கமே கைகாட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய அமெரிக்க லெடர்லே ஆய்வகத்திலிருந்து 1947இல் டை எத்தில் கார்பமசின் வந்தது. கண்ணாடிக் குடுவையில் நுண்புழுமேல் அதை ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. உடலுக்குள், எதிர்ப்பாற்றலின் துணையோடுதான் அது வேலை செய்கிறது.

கிண்டிக் குறிப்பு வெளிவந்து 47 ஆண்டுகள் கழித்து, 1976இல், 'நேச்சர்' இதழில் டி. சுப்பிரமணியமும் சகாக்களும் யானைக்கால் புழுவின் இனமான, பருத்தி எலியைத் தாக்கும் பைலேரியா புழுவை வைத்து எழுதினார்கள். சீரத்தின் துணையோடு ஒட்டும் அணுக்கள் நுண்புழுவைக் கொல்லவும் செய்கின்றன என்று அதில் காட்டினார்கள். அதன் பிறகு பைலேரியா எதிர்ப்பியல் பற்றி எழுதியவர்களில் சிலர் 1929ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள்.

பண்டிட்டின் மற்ற கட்டுரைகள் ஒரே துறையில் அடங்கவில்லை. நெல்லூர்ப் பகுதியில் பல் கறைபட்டு, எலும்பு இறுகி முடங்கிய மக்களைப் பற்றி 1937இல் எச். இ. ஷார்ட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகியோருடன் எழுதினார். கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடுதான் காரணம். 1940இல் வந்த விரிவான கட்டுரை, ஊட்டக்குறைவு அந்த நோயைக் கூட்டுகிறதா என்றும் கேட்டது. கிங் நிலையத்தின் இயக்குநராகவும் இருந்த அவர், 1948 முதல் 1964 வரை இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி மையம் 1952இல் தொடங்கியது அவர் காலத்தில்தான். 1964இல் பத்மபூஷண் பெற்றார்.

இன்று ஆய்வாளர்களை எடைபோடும் குழுக்கள் எத்தனை கட்டுரை, எந்த இதழ், எத்தனை மேற்கோள் என்றுதான் கேட்கின்றன. உள்நாட்டு இதழில் வந்த, அரை நூற்றாண்டு காத்திருந்து பலன் தந்த ஒரு முதற்கட்டக் குறிப்புக்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் கிடைப்பது அரிது. அந்தக் குழுக்களில் அமர்பவர்கள் எண்களைக் கூட்டுவதற்கு முன் கட்டுரையை ஒருமுறை படித்துவிட வேண்டும்.